பட்டன் இருந்தது, டயர் இல்லை

2023 நவம்பர். உத்தண்டி சுங்கச்சாவடியைத் தாண்டி கிழக்குக் கடற்கரைச் சாலையில் போய்க்கொண்டிருந்தேன். மழை விட்டுச் சற்று நேரம்தான் ஆகியிருந்தது. வேகம் அறுபதுக்கு மேல் இல்லை. சாலையோரச் சரிவில் தேங்கியிருந்த தண்ணீரில் ஏறியதும் காரின் பின்பக்கம் ஒரு சாண் நகர்ந்து, மறுபடி தன் இடத்துக்கு வந்து உட்கார்ந்தது. ஸ்டீயரிங்கைத் திருப்பக்கூட நேரமில்லை. அதன்பின் கோவளம் வரும்வரை நாற்பதிலேயே ஓட்டினேன். மீன் கூடை ஏற்றிய ஒரு குட்டி யானை என்னை முந்திப் போனது. அதன் ஓட்டுநர் திரும்பிப் பார்த்த பார்வையில் பரிதாபம் இருந்தது.

கார், 2010 மாடல் போர்ஷே கேமன். 2.9 லிட்டர், கைமாறி என்னிடம் வந்தது. எஞ்சின் இருக்கைகளுக்குப் பின்னால், பின் அச்சுக்கு முன்னால் இருக்கிறது. இந்த அமைப்பைக் கேட்பவர்களுக்கு நான் குடத்தை வைத்துத்தான் விளக்குவேன். தோளில் தண்டு போட்டு இரு முனையிலும் குடம் தொங்கவிட்டவர் சட்டென்று திரும்ப முடியாது. இடுப்பில் ஒரே குடத்தை அணைத்துக்கொண்டவர் நொடியில் திரும்பிவிடுவார். நடுவில் எஞ்சின் வைத்த கார் இடுப்புக்குடம். வளைவுகளில் அது தரும் சந்தோஷம் அதனால்தான்; பின் டயர் பிடி விட்டால் கண் இமைப்பதற்குள் சுற்றிவிடுவதும் அதனால்தான். உத்தண்டியில் அது சுற்றவில்லை. என் திறமைக்கு அதில் எந்தப் பங்கும் இல்லை.

மறுநாள் பெட்ரோல் பங்க்கில் காற்றுப் பிடிக்கும் பையனிடம் டயரைக் காட்டினேன். குனிந்து பார்த்தவன், “பட்டன் நன்றாக இருக்கிறதே சார்” என்றான். சாலையைத் தொடும் ரப்பரில் வெட்டியிருக்கும் மேடுபள்ளத்தைத்தான் பட்டன் என்கிறோம். எனக்கும் அப்படித்தான் தெரிந்தது. நின்று பார்த்தால் கண்ணுக்குப் படுவது டயரின் வெளி விளிம்பு மட்டுமே. காரை லிஃப்டில் ஏற்றி, அடியில் போய் விளக்கடித்துப் பார்த்தபோதுதான் வயிற்றைக் கலக்கியது. பின் டயர்களின் வெளிப் பள்ளத்தில் ஆழமானி 5 மில்லிமீட்டர் காட்டியது, நடுவில் மூன்றரை. உள் விளிம்பில் அளக்க எதுவுமே இல்லை. ரப்பர் போய், விரல் அகலத்துக்குக் கம்பி மினுமினுத்தது. கையால் தடவிப் பார்த்த மெக்கானிக்கின் விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் வந்தது. காருக்கு 1.6 மில்லிமீட்டருக்குக் குறைந்து பட்டன் இருக்கக் கூடாது என்பது மோட்டார் வாகன விதி. நானோ கம்பியில் ஓட்டிக்கொண்டிருந்தேன்.

இந்த வகைக் கார்களில் பின் சக்கரங்கள் நேராக நிற்பதில்லை. மேல்பக்கம் சற்று உள்ளே சாய்ந்திருக்கும். வளைவில் பிடிப்புக்காகச் செய்த ஏற்பாடு. அதோடு அலைன்மென்ட்டும், அதாவது சக்கரங்கள் நிற்க வேண்டிய கோணமும், தவறியிருந்தால், உள் விளிம்பு பென்சில் அழிப்பான் போலத் தேயும். மழைக்குப் பிறகு சென்னைச் சாலைகளில் திறக்கும் பள்ளங்கள் அலைன்மென்ட்டை எத்தனை நாள் விட்டுவைக்கும் என்று சொல்லத் தேவையில்லை. ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர் எவரானாலும், இன்றைக்கே பின் டயரின் உட்பக்கத்தைக் கையால் தடவிப் பாருங்கள். மெதுவாக.

முன் டயர்களின் கதை வேறு. பட்டன் ஐந்துக்கு மேல். ஆனால் பக்கச்சுவரில் டி.ஓ.டி. என்று தொடங்கும் வரியின் கடைசி நான்கு எண்கள் 3116. அதாவது 2016ஆம் ஆண்டின் 31ஆவது வாரத்தில் செய்தது. ஏழு வயது. விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் பக்கச்சுவரில் முடியிழை போன்ற வெடிப்புகள். நடு எஞ்சின் கார்களில் முன்பக்கம் எடை குறைவு என்பதால் முன் டயர் எளிதில் தேயாது, வெயிலில் காய்ந்து முதுமையில் சாகும். ஐந்து ஆண்டுக்குப் பிறகு ஆண்டுதோறும் சோதிக்க வேண்டும், பத்து ஆண்டானால் பட்டன் இருந்தாலும் கழற்றிவிட வேண்டும் என்பது டயர் நிறுவனங்கள் சிலவற்றின் அறிவுரை. அது குளிர்ந்த ஊர்களுக்கும் சேர்த்துச் சொன்னது. சித்திரை வெயிலில் திறந்தவெளியில் நின்ற டயருக்கு நான் அவ்வளவு அவகாசம் தர மாட்டேன்.

ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் எனக்குத் தெரிந்த கடைக்காரர் ஒருவர் இருக்கிறார். எல்லோரும் பாய் என்பார்கள், நானும் அப்படித்தான். இரண்டு பின் டயர் மட்டும் போதும், முன்னால் இன்னும் இரண்டு வருடம் ஓடும் என்றார் அவர். வியாபாரம் குறையும் யோசனையை ஒரு கடைக்காரரே சொல்கிறாரே என்று மனம் கொஞ்சம் ஆடியது. வழக்கமான கார்களில் புது ஜோடியைப் பின்னால் போட்டுப் பழையதை முன்னால் தள்ளலாம். இதில் முன்னும் பின்னும் வேறு வேறு அளவு; மாற்றிப் போடும் பேச்சே இல்லை. பின்னால் ஒரு நிறுவனத்தின் புதுப் பிடிப்பு, முன்னால் வேறு நிறுவனத்தின் ஏழு வருடக் காய்ந்த ரப்பர் என்றால் மழையில் திருப்பும்போது மூக்கு நேராகப் போகும். பின்பக்கம் வழுக்குவதைவிட அது மேல் என்பது உண்மைதான். ஆனாலும் நான்கையும் மாற்றுவது என்று முடிவு செய்தேன். விலையை அம்மாவிடம் சொல்லவில்லை.

முடிவு சுலபம். டயர்தான் கிடைக்கவில்லை.

என் அளவு முன்னால் 235/40, பின்னால் 265/40, இரண்டும் 18 அங்குலம். முன் அளவு ஆங்காங்கே இருந்தது. பின் அளவைச் சொன்னதும் போனில் ஒரு மௌனம் வரும். அடுத்து அநேகமாக எல்லாக் கடைகளிலும் ஒரே பதில்: “245/40 எடுத்துக்கொள்ளுங்கள் சார், அதே 18தான், அச்சாக உட்காரும்.” உட்காரும் என்பது சரி. அன்றிரவு காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டேன். முதல் எண் மில்லிமீட்டரில் டயரின் அகலம்; 265இல் 40 சதவீதம் 106 மில்லிமீட்டர், அதுதான் பக்கச்சுவரின் உயரம். மேலும் கீழுமாக இரண்டு மடங்கு, நடுவில் ரிம் 457. மொத்த விட்டம் 669. 245 போட்டால் 653. பதினாறு மில்லிமீட்டர் குறைகிறது. முன் டயர் 645. முன்னுக்கும் பின்னுக்கும் இருக்க வேண்டிய 24 மில்லிமீட்டர் வித்தியாசம் எட்டாகச் சுருங்கிவிடுகிறது. பிரேக் பூட்டிக்கொள்ளாமல் காப்பதும் வழுக்கலைத் தடுப்பதும் நான்கு சக்கரங்களின் சுழற்சியை ஒப்பிட்டுத்தான் வேலை செய்கின்றன. அவற்றின் கணக்கில் மண் போடுவது ஒன்று. அதைவிடப் பெரியது, எஞ்சினின் எடை உட்கார்ந்திருக்கும் பக்கத்தின் ரப்பரைக் குறைப்பது. உத்தண்டியில் நடந்ததைப் பணம் கொடுத்து வாங்குவதற்குச் சமம்.

இந்த ஊரில் டயருக்கு அலைந்தேன் என்பதை வெளியூர்க்காரர் நம்ப மாட்டார். 1946இல் திருவொற்றியூரில் பலூன் செய்யத் தொடங்கிய எம்.ஆர்.எஃப். வளர்ந்தது இங்கே. ஒரகடத்தில் அப்போலோ, ஸ்ரீபெரும்புதூரில் ஜே.கே., தேர்வாய் கண்டிகையில் மிஷ்லின். சுற்றிலும் ரப்பர் வாசனை. என் காருக்கு நான்கு வளையம் இல்லை. காரணம் தொழிற்சாலையில் இல்லை, காகிதத்தில் இருக்கிறது. வெளிநாட்டில் செய்த டயரானாலும் இங்கே விற்க ஐ.எஸ்.ஐ. முத்திரை வேண்டும். அதற்கு மேல், 2020 ஜூன் 12 அன்று மத்திய அரசு புது டயர் இறக்குமதியைத் தடையற்ற பட்டியலிலிருந்து கட்டுப்பாட்டுப் பட்டியலுக்கு மாற்றியது. கொண்டுவர உரிமம் பெற வேண்டும். உள்நாட்டுத் தொழிலுக்கு அது நல்லதாக இருக்கலாம். ஆனால் ஆண்டுக்கு விரல்விட்டு எண்ணும் அளவே விற்கும் ஓர் அளவுக்கு, உரிமம் வாங்கி வரவழைக்க யார் மெனக்கெடுவார்கள்?

பத்து நாள் கழித்துப் பாய் அழைத்தார். மும்பைக் கிடங்கில் பின் ஜோடி இருக்கிறது, அதுவும் ஆங்கில எழுத்து ‘என்’ (N) முத்திரை போட்டது என்றார். போர்ஷே தானே ஓட்டிச் சோதித்து ஒப்புக்கொண்ட டயரில் அந்த எழுத்து இருக்கும். முதல் ஒப்புதல் N0, அதே டயரைத் திருத்தி மறுபடி ஒப்புக்கொண்டால் N1, பிறகு N2. ஒரே பெயர் கொண்ட டயரானாலும் ‘என்’ உள்ளதையும் இல்லாததையும் கலந்து போடக் கூடாது. எனக்கு உள்ளூரப் பரவசம். தேதியைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். 4419. கட்டுப்பாடு வருவதற்கு முன்பே வந்து, நான்கு வருடம் மும்பையில் படுத்திருந்த சரக்கு. இருட்டில் படுத்திருந்ததா, தகரக் கூரையடியில் வெந்ததா என்று எவரும் சொல்ல முடியாது. அதற்குப் பொருந்தும் முன் ஜோடியும் எங்கும் இல்லை.

அதே வாரம் வேறொரு வழியும் திறந்தது. ‘என்’ முத்திரை இல்லாத, ஆனால் நான்கும் ஒரே நிறுவனம், ஒரே ரகம். எல்லாம் 2023 ஜூலையில் செய்தது. வேகக் குறி ஒய், 300 கிலோமீட்டர் வரை தாங்கும். என் கார் அதிகபட்சம் 265 போகும், நான் போவதில்லை. எவ்வளவு பாரம் தாங்கும் என்று சொல்லும் எடை எண்ணும் பழைய டயரில் இருந்ததற்குக் குறையவில்லை. முத்திரையா, புதுமையா என்று இரண்டு இரவு யோசித்தேன். புதுச் சரக்கில் முத்திரையும் இருந்திருந்தால் கண்ணை மூடிக்கொண்டு அதைத்தான் வாங்கியிருப்பேன். ஆனால் வாரண்டி என்றோ முடிந்துபோன காருக்கு, காய்ந்த முத்திரையைவிட முத்திரை இல்லாத புது ரப்பர் மேல் என்று பட்டது.

இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத்தளத்துக்கு அவ்வப்போது போகும் நண்பர் ஒருவர், தேய்மான எண் 180 போட்ட பந்தய ரகத்தை வாங்கச் சொன்னார். பள்ளம் குறைவு, பிடி அபாரம், விரைவில் தேயும். நான் வாங்கியது 300. வருடத்தில் இரண்டு நாள் பந்தயத்தளத்துக்குப் போவேன், ஐப்பசியும் கார்த்திகையும் அறுபது நாள். தண்ணீரை வாரி வெளியே தள்ளும் அகலப் பள்ளங்களே எனக்குத் தேவை. வெளிநாட்டு விமரிசனங்களில் பாதி, 7 டிகிரிக்குக் கீழே ரப்பர் இறுகுவதைப் பற்றியது. மார்கழி விடியலில் 20க்கு வந்தாலே குல்லாய் தேடும் ஊரில் அந்தப் பக்கங்களைப் புரட்டிவிடலாம்.

பணம் கட்டிய மறுநாள் மிக்ஜாம் புயல் எச்சரிக்கை. வேளச்சேரிக்காரர்கள் மேம்பாலத்தில் வரிசையாகக் காரை நிறுத்தினார்கள். கம்பி தெரியும் டயர்களோடு என் காரும் அங்கே மூன்று நாள் நின்றது. தண்ணீர் வடிந்து, லாரி ஓடி, டயர் வந்து சேர மேலும் இரண்டு வாரம் ஆயிற்று.

மாட்டும் நாளில் முதல் சோதனை போல்ட்டில் வந்தது. இந்தக் காரில் நட்டு கிடையாது, சக்கரத்துக்கு ஐந்து போல்ட். அதில் ஒன்று திருட்டைத் தடுக்கும் பூட்டு போல்ட். அதற்குத் தனிச் சாவித்துண்டு வேண்டும். முன் டிக்கியில் உள்ள கருவிப்பையில் இருக்க வேண்டும், இல்லை. பழைய சொந்தக்காரருக்குப் போன், அவர் தன் டிரைவருக்குப் போன். கடைசியில் டிக்கியின் தரைவிரிப்புக்கு அடியில், ஒரு திருநீற்றுப் பொட்டலத்தோடு கிடைத்தது. அது மட்டும் கிடைத்திராவிட்டால் நான்கு போல்ட்டையும் உளியால் உடைக்க வேண்டியிருந்திருக்கும்.

அடுத்து, காற்றுத் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு வந்த பையனைத் தடுத்தேன். போல்ட்டைக் கையால் ஏற்றி, குறித்த முறுக்கு வந்ததும் ‘கிளிக்’ என்று ஒலிக்கும் டார்க் ரெஞ்சால் 130 நியூட்டன் மீட்டருக்கு முறுக்க வேண்டும். பாயிடம் டார்க் ரெஞ்ச் இருந்தது, உறை பிரிக்காமல். பையன் முதல் ‘கிளிக்’ சத்தம் கேட்டதும் உடைந்துவிட்டது என்று பயந்து நிறுத்திவிட்டான். பிறகு அந்தச் சத்தம் பிடித்துப்போய் இருபதையும் அவனே முறுக்கினான்.

காற்றும் ஒரு சண்டை. நான்குக்கும் 35 வைப்பது கடை வழக்கம். காரில் ஒட்டிய ஸ்டிக்கரில் என் அளவுக்கு முன்னால் 29, பின்னால் 36. அந்த ஏழு பவுண்டு வித்தியாசம் முன்னுக்கும் பின்னுக்கும் பாரம் ஒன்றல்ல என்பதால் வந்தது. நைட்ரஜன் வேண்டுமா என்றார்கள். நாம் மூச்சு விடும் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான், மீதிக்குக் காசு தர விருப்பமில்லை என்றேன். பாய் சிரித்துவிட்டார். ஸ்டெப்னியே இல்லாத கார் என்று தெரிந்ததும் அந்தச் சிரிப்பு நின்றது. பஞ்சரானால் ஒரு பசைக்குப்பி, ஒரு குட்டி கம்ப்ரஸர், அவ்வளவுதான்.

அலைன்மென்ட்டை வேறு இடத்தில் செய்தேன். அங்கே கணினியில் என் மாடலே இல்லை. இருப்பதில் நெருங்கியதைத் தேர்ந்தெடுக்கட்டுமா என்று கேட்டார்கள். பழைய டயர் தேய்ந்த விதம் புரிந்தது. பட்டறைக் கையேட்டின் பக்கத்தை அச்சிட்டு எடுத்துப் போயிருந்தேன், அதிலுள்ள எண்களைத் தட்டச்சு செய்ய வைத்தேன். பின் இடச் சக்கரம் வெகுவாக விலகியிருந்தது.

முதல் இருநூறு கிலோமீட்டர் பூப்போல ஓட்டினேன். அச்சிலிருந்து வந்த புது ரப்பரின் மேல்தோல் வழுக்கும், அது உரிய வேண்டும். பழையதைவிடப் பக்கச்சுவர் கொஞ்சம் மெத்தென்று இருக்கிறது. வளைவில் அரை நொடி தாமதித்துத் திரும்புகிறது. முத்திரை இல்லாததன் விலை அது என்று நினைக்கிறேன். ஜனவரியில் ஒரு நாள் திடீரென்று மழை பெய்தபோது, வேலை ஒன்றும் இல்லாமலேயே உத்தண்டி வரை போய் வந்தேன். அதே சரிவு, அதே தண்ணீர், அறுபது. ஒன்றும் நடக்கவில்லை.

மாட்டிய அன்றே கழற்றிய முன் டயர்களைப் பார்த்து, கடையில் நின்ற ஒருவர் விலை கேட்டார். பட்டன்தான் இருக்கிறதே. பக்கச்சுவரைக் கத்தியால் கீறிவிடச் சொன்னேன். பாய்க்கு மனமே இல்லை, ஆயிரம் ரூபாய் கண்ணெதிரே போகிறதே என்றார், ஆனாலும் கீறினார். பின் டயர்களை மட்டும் எவரும் கேட்கவில்லை. குழந்தைகளுக்கு ஊஞ்சல் கட்டலாமா என்று நான் கேட்டதற்கு, உள் விளிம்பைத் திருப்பிக் காட்டினார். “துணி கிழிந்துவிடும் சார்” என்றார்.