இ.எஸ்.ஐ.யில் 17 நாள் சம்பளம் வாங்கியது

2021 ஏப்ரல் 6 அன்று சட்டமன்றத் தேர்தலில் ஓட்டுப் போட்டுவிட்டு வந்த மறுநாளே உடம்பு அனத்தத் தொடங்கிவிட்டது. எட்டாம் தேதி பரிசோதனை கொடுத்தேன், கொரோனா என்று வந்தது. நான் சேலத்தில் ஒரு நூல் மில்லில் கோன் வைண்டிங், அதாவது நூலைக் கோனில் சுற்றும் வேலை பார்க்கிறேன். வீட்டுக்காரருக்குச் சிவதாபுரத்தில் கொலுசுப் பட்டறை வேலை.

மில்லில் வருகைக் கணக்குப் பார்க்கும் டைம் ஆபீசுக்கு போன் செய்தால், "நல்லானதும் வாங்கம்மா, அதுவரைக்கும் சம்பளம் இருக்காது" என்றார்கள். நானும் சரி என்று இருந்துவிட்டேன். கூட வேலை செய்யும் அக்காதான், தொழிலாளர் அரசுக் காப்பீடான இ.எஸ்.ஐ. பற்றிப் போனில் சத்தம் போட்டார். "மாசாமாசம் இ.எஸ்.ஐ. பிடிக்கறாங்களே, அது மருந்து மாத்திரைக்கு மட்டுமில்ல கண்ணு. லீவுக்கும் காசு உண்டு."

எனக்கு நாள் கூலி 400 ரூபாய். மாதம் 10,400 வந்தால் அதில் முக்கால் சதவீதம், 78 ரூபாய் பிடிப்பார்கள். மில் தன் பங்காக 3.25 சதவீதம் கட்ட வேண்டும். உடம்பு சரியில்லாத நாட்களுக்கு, சராசரிக் கூலியில் 70 சதவீதம், வருடத்துக்கு 91 நாள் வரை இ.எஸ்.ஐ. தரும். ஞாயிற்றுக்கிழமைக்கும் சேர்த்தே தருவார்கள். முதல் இரண்டு நாளுக்கு மட்டும் கிடையாது.

இதில் என்னைப் பயமுறுத்தியது இன்னொரு கணக்கு. ஜனவரி முதல் ஜூன் வரை நோயில் விழுந்தால், அதற்கு முந்தைய வருடம் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை குறைந்தது 78 நாளுக்குப் பணம் கட்டியிருக்க வேண்டும். 2020 ஏப்ரல் என்றால் முழு ஊரடங்கு, மில்லே பூட்டிக் கிடந்தது. ஜூலை, ஆகஸ்டில் பஸ் இல்லை, மில் வேன் வந்த நாட்களில்தான் வேலைக்குப் போனேன். சம்பளச் சீட்டுகளை எல்லாம் தேடி எடுத்துக் கட்டிலில் பரப்பி வைத்து எண்ணினேன். 91 நாள் வந்தது. அப்போதுதான் மூச்சு வந்தது.

சான்றிதழ் வாங்குவதுதான் பெரும்பாடு. இ.எஸ்.ஐ. மருந்தக டாக்டர் தந்தால்தான் செல்லும். தொற்றோடு நான் எப்படிப் போவது? கொழுந்தனார் ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு போனார். நேரில் வரச் சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். 26-ஆம் தேதி தனிமை முடிந்தபின் நானே போய், பரிசோதனை முடிவு, வீட்டுத் தனிமைச் சீட்டு இரண்டையும் காட்டினேன். பின்தேதியிட்டுத் தர முடியாது, இந்தச் சீட்டுகளையே இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் சான்றிதழுக்கு மாற்று ஆதாரமாகக் கொடுத்துப் பாருங்கள் என்றார் டாக்டர். அப்படி ஒரு வழி இருப்பதே எனக்கு அதுவரை தெரியாது. கடிதம் எழுதி, நகல்களை வைத்துக் கொடுத்தேன். அதற்குள் மே 10 ஊரடங்கு வந்துவிட்டது. அப்புறம் பாஸ்புக்கில் என் இனிஷியல் மாறியிருக்கிறது என்று ஒரு நடை. ஜூலையில்தான் பணம் ஏறியது. 17 நாளுக்கு, நாளுக்கு 280 வீதம் 4,760 ரூபாய். அரிசிக் கடைப் பாக்கியை அன்றைக்கே கட்டி முடித்தேன்.

ஆனால் மனசு ஆறாதது வேறு. நான் தேறும்போது வீட்டுக்காரருக்கு வந்துவிட்டது, ஆக்சிஜன் வைக்கும் அளவுக்கு. ஏப்ரல் 27 முதல் மே 5 வரை அவரை விட்டு நகர முடியவில்லை. என் இ.எஸ்.ஐ. அட்டையில் அவருக்கு வைத்தியம் உண்டு. அவரைப் பார்த்துக்கொள்ளும் எனக்குச் சம்பளம் கிடையாது, அதற்கு இ.எஸ்.ஐ.யில் இடமே இல்லை. அவருக்கோ பட்டறையில் செய்தால்தான் கூலி. இரண்டு வருமானமும் நின்ற அந்த ஒன்பது நாளில்தான் தோட்டை அடகு வைத்தேன். வீட்டில் ஒருவர் சாகக் கிடக்கும்போது பக்கத்தில் இருப்பதற்கும் கூலியோடு விடுப்பு வேண்டும். எனக்கு அது பிச்சையாகத் தோன்றவில்லை.

அந்த நாட்களுக்கு ஈட்டிய விடுப்பு, அதாவது வேலை செய்த நாட்களுக்காகச் சேரும் சம்பள விடுப்பு கேட்டேன். அப்போதைய சட்டப்படி, முந்தைய வருடம் 240 நாள் வேலை செய்திருந்தால்தான் 20 நாளுக்கு ஒன்று வீதம் சேரும், உங்களுக்கு 231-தான் என்றார்கள். ஒப்பந்தப்படியோ, மில்லின் வேலை விதிகளான நிலையாணைப்படியோ லே-ஆஃப் விட்ட, அதாவது வேலை தராமல் நிறுத்திவைத்த நாட்கள் அந்த 240-இல் சேரும் என்று அப்போதைய தொழிற்சாலைச் சட்டத்தில் இருந்ததை அக்கா பிறகு கேட்டுச் சொன்னார். 2020-இல் மில்லைப் பூட்டிய நாட்கள் அந்தக் கணக்கில் வருமா என்று எழுத்தில் கேட்டு டைம் ஆபீசில் கொடுத்தேன். நகலில் முத்திரை வைத்துக் கொடுத்தார்கள். பதில் இன்னும் வரவில்லை.