வார்டு ஆபீஸ் அனுப்பிய வரைபடம்

ஜப்பானிய மொழியில் எனக்கு முதலில் பழகிய சொற்களில் ஒன்று ‘தமே’. மண்ணை வாயில் போடப் போகும் குழந்தையைப் பார்த்துப் பூங்காவில் அம்மாக்கள் சொல்வது. கூடாது, வேண்டாம், தொடாதே எல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் அடக்கம். என் பையனிடம் நானும் அதையே சொல்லிக்கொண்டிருந்தேன். 2019 மே மாதம் எங்கள் தபால்பெட்டியில் கிடந்த ஒரு கையேட்டின் அட்டையிலும் அதே சொல். அனுப்பியது எங்கள் வார்டு ஆபீஸ். உள்ளே இருந்தது வெள்ள அபாய வரைபடம். அட்டையில் டோக்கியோவின் கிழக்கு ஓரத்தில் இருக்கும் எங்கள் எடோகாவா வார்டைக் காட்டி எழுதியிருந்ததைத் தமிழில் சொன்னால்: ‘இங்கே இருக்கக் கூடாது.’

தன் மக்களைப் பார்த்துக் கிளம்பிப் போய்விடுங்கள் என்று சொல்லும் நகராட்சியை நான் கேள்விப்பட்டதே இல்லை. அம்மாவிடம் போனில் சொன்னேன். "ஏன்டி, வேளச்சேரியை விட்டுட்டு இன்னொரு வேளச்சேரிக்கா போய் உட்கார்ந்திருக்கீங்க?" என்றாள். 2015 டிசம்பரில் எங்கள் தரைத்தள வீட்டில் கேஸ் அடுப்பு உயரத்துக்குத் தண்ணீர் நின்றதைப் பார்த்தவள் அவள். நான் சிரித்து மழுப்பினேன்.

2017 நவம்பரில் நாங்கள் வந்து இறங்கியபோது ‘டோக்கியோ’வுக்கு வந்திருக்கிறோம் என்றுதான் நினைத்தேன். ஊருக்கெல்லாம் அப்படித்தான் சொல்லிவிட்டு வந்தோம். வீட்டில் குடியேறிய இரண்டு வாரத்துக்குள் முகவரியைப் பதிய வேண்டும் என்றார்கள். டோக்கியோ மாநகராட்சி எங்கே இருக்கிறது என்று கேட்டேன். அப்படி ஒன்று கிடையாதாம்! ஒரு காலத்தில் இருந்தது. 1943-ல், போர் நடந்துகொண்டிருந்தபோது, டோக்கியோ நகரத்தையும் அதைச் சுற்றியிருந்த மாகாணத்தையும் ஒன்றாக்கிவிட்டார்கள். அதிலிருந்து டோக்கியோவுக்கு ஆளுநர் உண்டு, மேயர் கிடையாது. ஆளுநர் என்றால் நம்மூர் மாதிரி நியமனம் இல்லை, மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பவர். முதலமைச்சர் மாதிரி என்று வைத்துக்கொண்டால் குழப்பம் குறையும். மேயர்கள் கீழே இருக்கிறார்கள், வார்டுக்கு ஒருவராக.

வார்டு என்றதும் கவுன்சிலர், தெருவிளக்கு என்று நினைத்தால் அதுவும் தப்பு. சென்னை மாநகராட்சியில் 200 வார்டு, இங்கே 23. எடோகாவாவில் மட்டும் ஏறக்குறைய 7 லட்சம் பேர். 2011 கணக்கெடுப்பில் திருநெல்வேலி மாநகராட்சிக்கே 5 லட்சம் தேறவில்லை. ஒவ்வொரு வார்டுக்கும் தனி மேயர், தனி மன்றம். ஆனால் தண்ணீர்க் குழாயும் தீயணைப்பும் மேலே உள்ள பெருநகர அரசிடம். குப்பை 2000-ம் ஆண்டிலிருந்து வார்டுகளின் பொறுப்பு. அதனால் ஆற்றுக்கு அந்தப் பக்கம் கோத்தோ வார்டில் இருக்கும் தோழிக்கு ஒரு குப்பை விதி, எனக்கு இன்னொன்று. என்றைக்கு எதை எந்தப் பையில் போடுவது என்று அவளிடம் கேட்டுப் பயனில்லை.

இந்த 23 வார்டு போக, மேற்கே மலை வரைக்கும், தெற்கே கடல் தீவுகள் வரைக்கும் 26 நகரங்கள், 5 பேரூர், 8 கிராமம். அந்த மலைப்பக்கத்தில் 2,017 மீட்டர் உயரமுள்ள குமோத்தோரி சிகரமும் ‘டோக்கியோ’தான். தெற்கே சுமார் 1,000 கிலோமீட்டர் தள்ளிக் கடலுக்குள் கிடக்கும் ஒகசவாரா தீவுகளும் டோக்கியோதான். விமான நிலையம் இல்லை. கப்பலில் 24 மணி நேரம். அங்கே ஓடும் கார்களின் நம்பர் பிளேட்டில் ‘ஷினகாவா’ என்று இருக்குமாம். ஷினகாவா என்பது நகரத்துக்குள் இருக்கும் ஒரு வார்டு. ஷினகாவா ரயில் நிலையம் ஷினகாவா வார்டில் இல்லை, மினத்தோ வார்டில் இருக்கிறது. மெகுரோ நிலையம்தான் ஷினகாவா வார்டில். அராகாவா வார்டை அராகாவா ஆறு தொடுவதே இல்லை. எங்கள் வார்டின் கடலோரத்துக்குப் போனால் ஆற்றுக்கு அக்கரையில் டோக்கியோ டிஸ்னிலேண்ட் இருக்கிறது. அது சிபா மாகாணத்தில்! இதையெல்லாம் புரிந்துகொள்ள எனக்கு ஒரு வருஷம் ஆனது. இவர் இன்னும் புரிந்துகொள்ளவில்லை.

எடோகாவாவில் நாங்கள் இருக்கும் பகுதியான நிஷி கசாயில் இத்தனை இந்தியர்கள் ஏன் என்று எல்லோரும் கேட்பார்கள். 2000-ம் ஆண்டுக் கணினிச் சிக்கலைச் சரிசெய்ய வந்தவர்கள் தொடங்கிவைத்த வழக்கம் இது. இங்கிருந்து தோசாய் ரயிலில் ஏறினால் ஓத்தேமாச்சி, கயபாச்சோ எல்லாம் நேர்வழி, வங்கிகள் அங்கேதான். அரசு சார்ந்த யூஆர் குடியிருப்புகளில் ஜாமீன் கையெழுத்து கேட்க மாட்டார்கள், வீட்டுக்காரருக்குத் திரும்பி வராத ‘நன்றிப்பணமும்’ கிடையாது. எங்களுக்கும் அங்கேதான் வீடு கிடைத்தது, இரண்டாவது மாடியில். கீரைக்கு ஏங்க வேண்டாம் என்பது எதிர்பாராத வரவு. கொமத்சுனா என்ற கீரைக்குப் பெயரே இந்த வார்டின் கொமத்சுகாவாவிலிருந்து வந்ததுதான். பருப்பும் பூண்டும் சேர்த்து மசித்தால் வித்தியாசம் சொல்ல முடியாது.

இதெல்லாம் சரி, நிலம் மட்டும் தாழ்ந்தது. வார்டின் தரையில் 10-ல் 7 பங்கு, கடல் பொங்கி நிற்கும் நேரத்து நீர்மட்டத்துக்குக் கீழே. முன்பு நிலத்தடி நீரையும் அதனுடன் வரும் இயற்கை வாயுவையும் உறிஞ்சி எடுத்ததில் மண் அமுங்கிப் போயிருக்கிறது. டோக்கியோவைச் சுற்றியுள்ள கான்டோ சமவெளியில் பெய்யும் மழையில் பெரும்பகுதி இறங்கி வரும் வழியும் இதுதான். எங்கள் வார்டை ஒட்டி ஓடும் அராகாவா ஆற்றின் கரையில் நடந்தால் படம் வரைந்த மாதிரி புரியும். வலது பக்கம் தண்ணீர், இடது பக்கம் தெரு. கடல் ஏறும் வேளையில் நின்று பார்த்தால் தெருவை விடத் தண்ணீர் மேலே நிற்கும். கீழே ஒருவர் மொட்டைமாடியில் போர்வை காயப்போடுவார். அவர் வீட்டு வாசலை விட ஆறு உயரம்.

அந்த ஆறே மனிதர்கள் வெட்டியது என்பதை ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன். 1910 ஆகஸ்ட் வெள்ளத்தில் டோக்கியோவின் கிழக்குப் பகுதி மூழ்கிய பிறகு, 22 கிலோமீட்டர் நீளத்துக்கு, 500 மீட்டர் அகலத்துக்குப் புதுப் பாதை வெட்டி 1930-ல் முடித்தார்கள். பொறுப்பில் இருந்த பொறியாளர் அக்கிரா அஓயாமா, பனாமா கால்வாயில் வேலை பார்த்த ஒரே ஜப்பானியர். இவாபுச்சி மதகருகே அவர் வைத்த நினைவுக்கல்லில் அவர் பெயர் இல்லை. கூட உழைத்த தோழர்களை நினைவுகூரும் வரிகள் மட்டும். நம்மூரில் நிழற்குடைக்கே எத்தனை பெயர் பொறிக்கிறோம்!

2019 அக்டோபர் 12 அன்று அந்த வரைபடத்துக்கு வேலை வந்தது. ஹகிபிஸ் புயல். காலையிலிருந்தே வார்டு ஒலிபெருக்கி பேசிக்கொண்டே இருந்தது. தினமும் மாலையில் மெட்டுப் போடுவதே அது வேலை செய்கிறதா என்று சோதிக்கத்தானாம். வார்டில் 4 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை வெளியேறச் சொன்னார்கள். ‘இங்கே இருக்கக் கூடாது’ சரி, எங்கே போவது? மேற்கே ஹச்சியோஜியில் தெரிந்தவர் வீடு இருந்தது. ஆனால் முன்பே அறிவித்தபடி மதியத்துக்குள் ரயில்களை ஒவ்வொன்றாக நிறுத்திவிட்டார்கள். நாங்கள் யோசித்து முடிப்பதற்குள் வழி அடைபட்டுவிட்டது.

எதிர் வீட்டுப் பாட்டி கதவைத் தட்டினார். முதுகில் பை, கையில் தெர்மாஸ். "பள்ளிக்கூடத்துக்குப் போவோம், மூன்றாவது மாடி" என்றார். குழந்தையை இவர் தூக்கிக்கொண்டார். பாஸ்போர்ட், ரெசிடென்ஸ் கார்டு, ஒரு டப்பா நிறைய தயிர்சாதம். வேளச்சேரியில் எடுக்க மறந்ததெல்லாம் இந்த முறை பையில் இருந்தது. பள்ளி வகுப்பறையில் நீலத் தார்ப்பாய் விரித்து ஷூவைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தோம். யாரும் சத்தம் போடவில்லை. என் பையன் மட்டும் கரும்பலகையில் கிறுக்கப் போனான். "தமே" என்றார் பாட்டி.

கரை உடையவில்லை. மறுநாள் காலை வானம் கழுவிவிட்ட மாதிரி நீலமாக இருந்தது. கரைமேல் ஏறிப் பார்த்தோம். ஆற்றங்கரையின் பேஸ்பால் திடல்கள் முழுக்கத் தண்ணீருக்கடியில். அந்தப் பக்கம் பழுப்பு நிறத்தில் ஆறு, இந்தப் பக்கம் எப்போதும் போல சைக்கிளில் ரொட்டி வாங்கப் போகிறவர்கள்.

அடுத்த வசந்தத்தில் அதே குடியிருப்பில் ஒன்பதாவது மாடியில் வீடு காலியானது. வாடகை கொஞ்சம் அதிகம், எடுத்துக்கொண்டோம். வார்டுக்குள்ளேயே மாறினாலும் 14 நாளுக்குள் பதிய வேண்டும். கசாய் கிளை அலுவலகத்தில் வரிசை எண் வாங்கிக் காத்திருந்து படிவத்தை நிரப்பினேன். மாறியது அறை எண் மட்டும். ஜன்னலுக்குப் பின்னால் இருந்த பெண் கார்டின் முதுகில் புது முகவரியை அச்சடித்து, இரண்டு கையாலும் நீட்டினாள். கூடவே ஒரு பெரிய உறை. பிரித்துப் பார்த்தேன்: குப்பை நாட்காட்டி ஒன்று, அதற்கடியில் அதே வரைபடம்.