சத்தம் போட்டுச் சொல்ல முடியாத விஷயங்கள்

ஆகஸ்ட் 3, 2025, ஞாயிறு

ஆடிப் பதினெட்டு. தேங்காச்சோறு, எலுமிச்சச்சோறு, தயிர்ச்சோறு எல்லாம் கிண்டி வச்சு நானும் வீட்டுக்காரவுகளும் ரெண்டே பேரு உக்காந்து சாப்ட்டோம். புள்ளைக ஒண்ணு பெங்களூர்ல ஒண்ணு சிங்கப்பூர்ல. மத்த நேரமெல்லாம் இவுக முகப்புல பேப்பரோட, நான் ரெண்டாங்கட்டுல அடுப்போட, நடுவுல வளவு, அதான் எங்க செட்டிநாட்டு வீட்டு நடு முற்றம், கெடக்கு பள்ளத்தூர் தெரு நீளத்துக்கு.

காலைல பால் ஊத்துற தம்பி மீசைய எடுத்துட்டு வந்து நின்னுச்சு, எனக்கு ஆளே அடையாளம் தெரியல. ஒடனே இவுககிட்ட சொல்லணும்னு வாய் வரைக்கும் வந்துச்சு, சொல்லல. இப்பல்லாம் எதச் சொன்னாலும் "என்ன?"ங்கறாக, திருப்பிச் சொன்னா மறுபடி "என்ன?", மூணாவது தடவ கத்தித்தான் சொல்லணும். மீசைய எடுத்த கதைய அந்தத் தம்பி காதுல விழற மாதிரி கத்த முடியுமா சொல்லுங்க? அது மெதுவா சொல்லி ரெண்டு பேரும் சிரிச்சிக்கிற விஷயம்.

கரண்ட் பில்லு கட்டியாச்சான்னு கத்தலாம், மாத்திர போட்டாச்சான்னு கத்தலாம். அதனால இப்ப எங்களுக்குள்ள பேச்சுன்னு மிச்சம் இருக்கறது கரண்ட் பில்லும் மாத்திரையும்தான். 1984ல கல்யாணம் ஆச்சு. வயசாக ஆக புருஷன் பொண்டாட்டிக்குள்ள என்ன மாறுதுன்னு யாராவது கேட்டா, பெரிய விஷயம் எதுவும் போறதில்ல, இந்த ஒண்ணுக்கும் ஆகாத சின்னப் பேச்சுதான் மொதல்ல போகுதுன்னு சொல்லுவேன். ரொம்ப நாளா மனசுல ஓடுது, இந்த மாசம் எழுதியே பாத்துருவோம்னு ஆரம்பிச்சிருக்கேன்.

ஆகஸ்ட் 6, புதன்

இன்னிக்கி பூரா மாமியா நெனப்பு.

அவுகளுக்குக் கல்யாணம் ஆகி கொஞ்ச நாள்ல மாமனார் மலாயாவுக்குக் கொண்டுவிக்க, அதான் கடல் தாண்டித் தொழில் பண்ண, போயிட்டாக. அப்பல்லாம் நாகப்பட்டினத்துல ரஜூலா கப்பல் ஏறுனா ஒரு கணக்கு முடிச்சுத்தான் திரும்புறது, மூணு வருஷம் ஆகிரும். வந்து கொஞ்ச மாசம் இருப்பாக, திரும்பப் போயிருவாக. ஊரெல்லாம் அப்படித்தான், இவ்ளோ பெரிய வீடுகளக் கட்டிப்புட்டு அதுக்குள்ள பொம்பளைகளும் புள்ளைகளும் மட்டும் இருந்தாக. கல்யாணம் ஆன மகன எங்க பக்கம் 'வேறு வைக்கிறது'ன்னு உண்டு, ஒரே வீட்டுக்குள்ளயே தனி அறை, தனி அடுப்பு, வருஷத்துக்கு இவ்வளவுன்னு சாமான் பணமெல்லாம் அளந்து குடுத்துருவாக. மாமியா அந்தத் தனி அடுப்புல தனக்கு மட்டும் பொங்கித் தின்னுக்கிட்டு இருந்தவுக.

எழுபதுகள்ல மாமனார் ஊரோட வந்துட்டாக. அதப்பத்தி மாமியா எங்கிட்ட சொன்னது: "அவுக வந்து ஒக்காந்தப்புறம் எனக்கு என்ன பேசறதுன்னே தெரியல ஆத்தா. கடுதாசின்னா நாலு வரி எழுதிருவேன். எதுத்தாப்புல ஆளு இருந்தா என்ன சொல்றது?" புளி எங்க வாங்குன, இது யாரு வீட்டு வேவுச் சீர்ல வந்த டப்பா, அப்படித்தான் ஆரம்பிச்சிருக்காக. கடைசி காலத்துல ரெண்டு பேரும் பட்டாலையில ஒக்காந்து மணிக்கணக்கா பேசறத நானே பாத்திருக்கேன், கிட்டப்போயிக் கேட்டா ஒண்ணுமே இருக்காது, எந்த வீட்டுத் திண்ணையில யாரு தூங்குறாங்கறதுதான் பேச்சு. அம்பது வயசுக்கு மேல புதுசா கத்துக்கிட்ட பேச்சு அது. அத நெனச்சா எனக்கு இன்னிக்கும் சந்தோஷமா இருக்கு.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

மக போன்ல பேசுனா. அவ ஆபீஸ்ல வயசான புருஷன் பொண்டாட்டியப்பத்தி ஒரு கிளாஸ் எடுத்தாங்களாம், எனக்கு விளக்கமா சொன்னா. அமெரிக்கால லெவன்சன், கார்ஸ்டென்சன், காட்மன்னு மூணு பேரு தொண்ணூறுகள்ல 156 ஜோடிய வச்சு ஆராய்ச்சி பண்ணிருக்காங்க. 40லருந்து 50 வயசுல ஒரு கூட்டம், 60லருந்து 70ல ஒரு கூட்டம், எல்லாருமே பல வருஷம் சேந்து வாழ்ந்தவங்க. அவங்களுக்குள்ள தீராம இருக்கற ஒரு விஷயத்த எடுத்துப் பேசச் சொல்லி, அத வீடியோ எடுத்து மூஞ்சியக் கூட கவனிச்சிருக்காங்க. வயசானவங்க சண்டை விஷயத்தப் பேசும்போதுகூட கோவம் கொறச்சலாவும் பிரியம் அதிகமாவும் இருந்துச்சாம். காலம் கொஞ்சந்தான் மிச்சம்னு தெரியும்போது மனுஷங்க எது முக்கியமோ அத மட்டும் வச்சுக்குவாங்கன்னு அந்த கார்ஸ்டென்சன் அம்மா சொல்றாங்களாம்.

"பாத்தியாம்மா, நீயும் அப்பச்சியும் இப்ப சண்டையே போடறதில்ல"ன்னா. எங்க பக்கம் அப்பாவத்தான் அப்பச்சிங்கறது.

அந்த ஆராய்ச்சிய நான் நம்பறேன். நாப்பது வயசுல நாங்க போட்ட சண்டையெல்லாம் ஸ்கூல் பீஸு, டிரான்ஸ்பரு, இவுக தங்கச்சி வீட்டு சீர், எல்லாத்துலயும் யாரு ஜெயிக்கறதுங்கறது இருந்துச்சு. இப்ப அது இல்ல. ஆனா மக சொன்னதுல ஒண்ண மட்டும் என்னால ஒத்துக்க முடியல. மனசு கனிஞ்சு சண்டை கொறையறது வேற, பேச்சே கொறைஞ்சு அதோட சேந்து சண்டையும் கொறையறது வேற. வெளிலருந்து பாத்தா ரெண்டும் ஒரே மாதிரி அமைதியாத்தான் தெரியும். வயசான ஜோடியப் பாத்து "என்ன ஒரு அன்னியோன்யம், ஒரு வார்த்த பேசாமலே புரிஞ்சுக்கறாங்க"ன்னு யாராவது சொல்லும்போது எனக்குப் பதறும். பேசாமலே புரியறது நல்லதுதான், அதுக்காகப் பேசாமலே இருந்துறக் கூடாது.

ஆகஸ்ட் 14, வியாழன்

காரைக்குடிக்குக் கூட்டிட்டுப் போயி காது டெஸ்ட் எடுத்தாச்சு. வரமாட்டேன்னு சொன்னவுகள தம்பி மகன வச்சு பேசித்தான் கெளப்புனேன்.

கண்ணாடி போட்ட சின்ன ரூம்ல ஹெட்போன மாட்டி ஒக்கார வச்சாங்க, சத்தம் கேட்டா கையில இருக்கற பட்டன அமுக்கணும். நான் வெளில நின்னு பாத்துக்கிட்டே இருந்தேன். ஆரம்பத்துல டக்கு டக்குன்னு அமுக்குனாக. அப்பறம் கை அப்படியே நின்னுருச்சு. மூஞ்சியக் கொஞ்சம் தூக்கிக்கிட்டு, கண்ண மூடிக்கிட்டு, கட்டவிரல பட்டன்மேலயே வச்சுக்கிட்டு காத்துக்கிட்டு இருந்தாக. உள்ள சத்தம் போயிக்கிட்டுத்தான் இருக்குன்னு டெஸ்ட் எடுக்கற பொண்ணோட கம்ப்யூட்டரப் பாத்தா தெரியுது. இவுகளுக்குத் தெரியல. அங்க நின்னு எனக்குத் தொண்டைய அடச்சிருச்சு.

அப்பறம் அந்தப் பொண்ணு ஆடியோகிராம, அதான் காது எவ்ளோ கேக்குதுன்னு போட்ட படத்த, காட்டி வெளக்குச்சு. படத்துல எடது பக்கம் நல்லா இருக்கற கோடு வலது பக்கம் போகப் போக கீழ எறங்குது. வயசாகும்போது மொதல்ல போறது கீச்சுன்னு இருக்கற மேல் சத்தந்தானாம். ச, ஸ மாதிரி எழுத்தெல்லாம் அந்தப் பக்கம்தான் இருக்காம், அதனால பேசறது காதுல விழும், என்ன வார்த்தைன்னு பிரியாது. பொம்பளைக கொரலும் கொழந்தைக கொரலும் இன்னும் செரமம். இத்தன நாளா பங்காளிகளோட முகப்புல ஒக்காந்து நல்லாத்தான பேசறாக, நான் கூப்ட்டா மட்டும் கேக்கலையான்னு எனக்குள்ள இருந்த ஒரு வருத்தம் அந்த எடத்துலயே எறங்கிருச்சு. 60 வயசுக்கு மேல நாலுல ஒருத்தருக்கு மேல இப்படி இருக்காம், காதக் கவனிக்காம விட்டா ஞாபக மறதிக்கும் வாய்ப்பு கூடுமாம்.

காதுல மாட்டற மெஷின் வெலையக் கேட்டதும் எந்திரிச்சிட்டாக. நான் ஒக்காந்தே இருந்தேன். கண்ணுக்குக் கண்ணாடி போட யாரும் யோசிக்கிறதில்ல, காதுக்கு மட்டும் எல்லாரும் வெக்கப்படறாக, ஏன்னு எனக்குப் புரியவே இல்ல. திரும்பி வந்து அட்வான்ஸ் குடுத்தாக.

ஆகஸ்ட் 22, வெள்ளி

பங்காளி வீட்டுல அறுபதுக்கு சாந்தி, அதான் அறுபதாங் கல்யாணம். வளவு நெறைய சனம். கும்பத்துத் தண்ணிய ஊத்தும்போது அந்த அண்ணன் நடுங்குனாக, அவுக வீட்டு ஆச்சி தன் முந்தானைய எடுத்து அவுக மூஞ்சியத் தொடச்சு விட்டாக, யாரையும் பாக்காம, பழக்கத்துல போற கை அது. கழுத்துருவெல்லாம், அதான் எங்க பக்கத்துப் பெரிய தாலி, போட்டு ஒக்கார வச்சிருந்தாங்க.

பந்தியில ஒரு பெரிய ஆச்சி எம்பக்கத்துல. அவுக வீட்டு ஐயா போயி ரொம்ப வருஷம் ஆச்சு. எங்க நகரத்தார் கோயில் கணக்குல புருஷன் பொண்டாட்டி சேந்தா ஒரு புள்ளி, ஒருத்தரு போயிட்டா அரைப்புள்ளி. அவுக சொன்னாக: "புள்ளிவரியில அரைன்னு எழுதறது எனக்கு ஒண்ணும் இல்ல. ராத்திரி, கொசு கடிக்குதுன்னு சொல்றதுக்கு ஆளில்ல பாரு, அங்கதான் அரை." சோத்தப் பெசஞ்சுக்கிட்டே சொன்னாக. எனக்கு அப்பறம் சாப்புடவே முடியல.

ஆகஸ்ட் 25, திங்கள்

மெஷின் வந்துருச்சு. மாட்டி ஒரு மணி நேரத்துல கழட்டிட்டாக. பாத்திரம் வைக்கிற சத்தம் தலைக்குள்ள இடிக்குதாம், ஃபேனு சத்தம் கேக்குதாம், என் செருப்பு ஆத்தங்குடி கல்லுல தேய்றது வேற கேக்குதாம். மூளைக்குப் பழக சில வாரம் ஆகும், மொதல்ல வீட்டுக்குள்ள கொஞ்ச நேரம் போட்டுட்டு மெல்ல மெல்லக் கூட்டணும்னு அந்தப் பொண்ணு முன்னாடியே சொல்லித்தான் அனுப்புச்சு. சாயங்காலம் மறுபடி போட வச்சேன். கத்தாம, பக்கத்துல ஒக்காந்து, மூஞ்சியப் பாத்துப் பேசணும்னு எனக்கும் சொல்லியிருக்காங்க. அதுவும் பழகணும், எனக்கு அடுப்படிலருந்தே கொரல் குடுத்துப் பழக்கம்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

முந்தாநேத்து சதுர்த்தி, பிள்ளையார்பட்டியில நிக்க எடமில்ல, கூட்டத்துல மெஷினக் கழட்டிப் பைல வச்சுக்கிட்டாக. அது சரிதான்.

இன்னிக்கி சாயங்காலம் வெங்காயம் உரிச்சுக்கிட்டு நான் எனக்குள்ளயே "இந்த மனுஷன் துண்ட எங்க போட்டாகளோ"ன்னு முணுமுணுத்தேன். பட்டாலையிலருந்து "நான் கொடியிலதான் போட்டேன், நீதான் எடுத்து மடிச்சிருப்ப"ன்னு பதில் வருது! அப்படியே வந்து பக்கத்துல ஒக்காந்துட்டாக, வெங்காயத்த உரிச்சாக, பேச்சு அவுக எழுபதுக்குப் போயிருச்சு. வர்ற தையில பீமரத சாந்தி பண்ணணும். திருக்கடையூர் போயி பண்ணிட்டு வந்துருவோம், யாருக்கும் அலைச்சல் இல்லங்கறாக. நம்ம வீட்டு வளவுல பண்ணாம எங்கயோ போயி எதுக்குப் பண்ணணும்ங்கறேன் நான். சமையலுக்கு யாரு, எத்தன எல, உங்க தங்கச்சிய யாரு போயி அழைக்கிறதுன்னு பேசிக்கிட்டே போகுது. மணி பதினொண்ணாச்சு, இன்னும் முடிவாகல, இத எழுதும்போதே பக்கத்துலருந்து "திருக்கடையூர்னு எழுது"ங்கறாக. நான் எழுத மாட்டேன்னுட்டேன்.