ஹிக்கின்பாதம்: ஒரு பெயரை அதன் பள்ளம் வரை துரத்திய பதிவு

சென்னை அண்ணா சாலையில் ஹிக்கின்பாதம்ஸ் பலகையைப் பார்க்காதவர் குறைவு. அந்தப் புத்தகக் கடை 1844இல் தொடங்கியது. நிறுவியவர் ஏபெல் ஜோஷுவா ஹிக்கின்பாதம். இப்போதுள்ள கட்டடம் 1904ஐச் சேர்ந்தது. பலகையின் கடைசியில் நிற்கும் ‘ஸ்’ பெயரின் பகுதி அல்ல, ‘ஹிக்கின்பாதமுடைய கடை’ என்று காட்டும் உடைமைக் குறி. இதை மறந்து அந்த ‘ஸ்’ஸோடு பழைய இங்கிலாந்து ஆவணங்களில் தேடினால் ஏறக்குறைய வெறுங்கைதான். முதல் முயற்சியில் பலரும் இடறுவது இங்கே.

ஓர் ஆங்கிலக் குடும்பப் பெயரை எடுத்து அதன் பிறப்பிடம், பொருள், எத்தனை பேர், எங்கெங்கே என்று துருவும் பொழுதுபோக்குக்கு இங்கிலாந்தில் ‘ஒற்றைப் பெயர் ஆய்வு’ என்று பெயர். அதற்கென்றே 1979 முதல் ஒரு சங்கம் இயங்குகிறது. அரிதான பெயராக இருந்தால் வேலை எளிது என்று நினைப்போம். ஆனால் பல நேரம் பெயர் அரிதாகத் தெரிவதற்குக் காரணம், அது எட்டுப் பத்து எழுத்துக்கூட்டல்களாகச் சிதறிக் கிடப்பதுதான். எனவே எண்ணும் முன் சேர்க்க வேண்டும். பொருளைத் தேடுவது அதற்கும் பிறகு.

பதிவு 1: எழுத்துக்கூட்டல் வலை

கையில் கிடைத்த வடிவங்கள்: ஹிக்கின்பாட்டம், ஹிக்கின்பாதம், ஒற்றை ஜி போட்ட ஹிகின்பாதம், ஹெகின்பாட்டம், ஹெகின்பாதம், ஜி-க்குப் பதில் சி-கே வரும் ஹிக்கின்பாதம், அதிலேயே இன் என்பது இங் ஆகிவிட்ட ஹிக்கிங்பாதம். தமிழில் எழுதினால் பாதி வடிவங்கள் ஒன்றாகிவிடும். ஆங்கில அட்டவணையில் ஒவ்வொன்றும் வேறு பக்கத்தில் இருக்கும்.

‘ஒலிக்கு நெருக்கமான பெயர்கள்’ என்று குடும்ப வரலாற்றுத் தளங்கள் தரும் வசதிக்குப் பின்னால் பெரும்பாலும் சவுண்டெக்ஸ் என்ற பழைய முறைதான் இருக்கும். 1918இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றது. முதல் எழுத்தை அப்படியே வைத்துக்கொண்டு, உயிரெழுத்துகளைத் தள்ளி, மீதி மெய்களை மூன்று எண்களாக்கும். கையால் போட்டுப் பார்த்ததில்:

ஹிக்கின்பாதம், ஹிக்கின்பாட்டம், ஹெகின்பாட்டம், சி-கே வடிவம் நான்குக்கும் எச்-251. ஜி-யும் சி-யும் கே-யும் 2 என்ற ஒரே குழுவில் இருப்பதால் இந்த ஒற்றுமை. ஆனால் ஹிக்கிங்பாதத்துக்கு எச்-252 வருகிறது, ஏனென்றால் என்-னுக்குப் பின் வரும் ஜி மூன்றாவது இடத்தைப் பிடித்துக்கொண்டு பி-யை வெளியே தள்ளிவிடுகிறது. எச் இல்லாமல் எழுதிய இக்கின்பாட்டம் ஐ-251. இந்தப் பெயர் அடர்ந்த வடமேற்கு இங்கிலாந்தின் லங்காஷயர் பேச்சில் சொல்லின் முதல் எச் உதிர்ந்துவிடும் என்பதால் இந்த வடிவத்தைக் கட்டாயம் தேட வேண்டும். சவுண்டெக்ஸ் முதல் எழுத்தைப் பூட்டி வைப்பதால் அது தானாகச் சிக்காது.

ஆகவே ‘இங்கே எந்த எழுத்தும் வரலாம்’ என்று சொல்லும் நட்சத்திரக் குறியே மேல். எச், நட்சத்திரம், ஜி, நட்சத்திரம், என், பி, நட்சத்திரம், டி, நட்சத்திரம், எம் என்ற வலையில் ஜி வடிவங்கள் எல்லாம் விழும். ஜி-யின் இடத்தில் கே போட்டு இன்னொரு முறை. அதில் என்-னுக்கும் பி-க்கும் நடுவிலும் ஒரு நட்சத்திரம் வைக்காவிட்டால் ஹிக்கிங்பாதம் நழுவிவிடும். கடைசியாக எச்-ஐ எடுத்துவிட்டு ஒரு முறை. கையெழுத்தைத் தவறாகப் படித்தவர்கள் பெரிய எச்-ஐ கே என்றும் டபிள்யூ என்றும் ஏற்றியிருப்பார்கள், அந்த இரண்டையும் சேர்த்துக்கொள்ளவும்.

பதிவு 2: எண்ணிக்கை

இங்கிலாந்து, வேல்ஸில் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவு தொடங்கியது 1837 ஜூலை 1. இரண்டு இடங்களில் இலவசமாகத் தேடலாம். ஃப்ரீபிஎம்டி என்ற தளம், தன்னார்வலர்கள் பழைய காலாண்டு அட்டவணைகளைப் பார்த்து ஏற்றியது. பதிவுத் தலைமை அலுவலகத்தின் இணைய அட்டவணை, பதிவேடுகளிலிருந்தே புதிதாக எடுக்கப்பட்டது. இரண்டும் தனித்தனிப் படிப்புகள் என்பதால் ஒன்றின் பிழையை மற்றது காட்டிக்கொடுக்கும். முன்னதில் தாயின் பிறந்தவீட்டுப் பெயர் 1911 செப்டம்பர் காலாண்டிலிருந்துதான் வரும், பின்னதில் 1837லிருந்தே உண்டு. சகோதரர்களை ஒரே குடும்பத்தில் கோர்க்க அது போதும்.

உழைப்புக் கணக்கு: தலைமை அலுவலகத் தேடலில் ஆண், பெண் தனித்தனி. ஆண்டுக்கு முன்னும் பின்னும் 2 ஆண்டுதான் அகலம், ஆக ஒரு தேடலுக்கு 5 ஆண்டு. 1837 முதல் 1911 வரை 75 ஆண்டுக்கு 15 சாளரம், இரு பாலுக்கும் 30 தேடல். 9 எழுத்துக்கூட்டல் என்றால் 270. ஒரே மூச்சில் செய்தால் கண் சோர்ந்து காலாண்டைத் தப்பாக ஏற்றுவோம். ஒரு நாளைக்கு ஓர் எழுத்துக்கூட்டல் என்று வைத்துக்கொள்வது நல்லது.

விரிதாளில் நெடுவரிசைகள்: ஆவணத்தில் உள்ளபடி பெயர், நாம் சேர்த்த குழு, நிகழ்வு, ஆண்டும் காலாண்டும், மாவட்டம், தொகுதி எண், பக்கம், எங்கிருந்து எடுத்தது, ஐயம். முதல் நெடுவரிசையை ஒருபோதும் ‘திருத்த’க் கூடாது. பின்னால் எழுத்துக்கூட்டலே சான்றாகும்.

தொகுதி எண்ணை வெறும் முகவரி என்று நினைக்க வேண்டாம், அது பிழை பிடிக்கும் கருவி. 1852 முதல் லங்காஷயரின் போல்ட்டன் மாவட்டத்துக்கு 8-சி, பக்கத்துச் செஷயரின் ஸ்டாக்போர்ட்டுக்கு 8-ஏ. போல்ட்டன் என்று எழுதி 1-சி என்றிருந்தால் அது கிழக்கு லண்டனின் எண், எங்கோ ஏற்றியவர் தவறியிருக்கிறார். பிறப்பைப் பதிய 42 நாள் அவகாசம் இருந்ததால் நவம்பர், டிசம்பர் குழந்தைகள் அடுத்த ஆண்டின் மார்ச் காலாண்டில் கிடப்பார்கள். 1875க்கு முன் பதியாத பெற்றோர் மீது கட்டாயம் தளர்வாக இருந்தது, அந்தக் காலத்துப் பிறப்புகளில் ஓட்டை உண்டு. தேவாலய ஞானஸ்நானப் பதிவால் அதை அடைக்க வேண்டும்.

மொத்தம் எத்தனை பேர் என்பதற்கு ஒரு குறுக்கு வழி. 1881 வாக்கில் பிறப்பு விகிதம் ஆயிரத்துக்குச் சுமார் 34. பத்தாண்டு சராசரிப் பிறப்பை 0.034ஆல் வகுத்தால் அந்தப் பெயருடையோர் தொகை தோராயமாக வரும். ஆண்டுக்கு 17 பிறப்பு என்றால் 500 பேர். 1881 ஏப்ரல் 3 கணக்கெடுப்போடு ஒப்பிட்டு, பெரிய இடைவெளி இருந்தால் ஏதோ எழுத்துக்கூட்டல் விட்டுப்போயிருக்கிறது என்று பொருள்.

பதிவு 3: வரைபடம்

வரைபடத்தில் வெறும் தலைக்கணக்கைப் போட்டால் எந்தப் பெயரும் லண்டன், லிவர்பூல், மான்செஸ்டரில்தான் குவியும். கூட்டம் அங்கே இருக்கிறது, அவ்வளவுதான். பார்க்க வேண்டியது அடர்த்தி. 1881இல் இங்கிலாந்தும் வேல்ஸும் சேர்ந்து சுமார் 2.6 கோடி, லங்காஷயர் 34.5 லட்சம், செஷயர் 6.44 லட்சம். அதாவது முறையே நூற்றுக்கு 13.3, 2.5. கணக்குப் புரிவதற்காக ஓர் எடுத்துக்காட்டு: பெயருடையோர் 100 பேரில் 40 பேர் லங்காஷயர், 20 பேர் செஷயர் என்று வைப்போம். 40ஐ 13.3ஆல் வகுத்தால் 3. 20ஐ 2.5ஆல் வகுத்தால் 8. தலைக்கணக்கில் பாதியாக இருந்த செஷயர் அடர்த்தியில் முந்திவிடுகிறது.

ஹிக்கின்பாட்டம் குடும்பத்தை இப்படிப் போட்டால் மை கருக்கும் இடம் லங்காஷயர், செஷயர், டார்பிஷயர் சந்திக்கும் மூலை. ஆனால் அந்த மூலையில்தான் மாவட்ட எல்லைகள் ஏமாற்றும். ஆஷ்டன்-அண்டர்-லைன் பதிவு மாவட்டம் பேருக்கு லங்காஷயர். செஷயரின் டக்கின்ஃபீல்டும் அதற்குள் அடக்கம். ஸ்டாக்போர்ட் செஷயர், ஆனால் லங்காஷயரின் ஹீட்டன் நோரிஸ் அதற்குள். பதிவு மாவட்டத்தைக் கவுண்டியாக (லங்காஷயர், செஷயர் போன்ற நிர்வாகப் பிரிவாக) மாற்றி எழுதினால் எண்ணிக்கை இடம் மாறிவிடும். கணக்கெடுப்பில் உள்ள பிறந்த பாரிஷையே (தேவாலயப் பங்கையே) நம்ப வேண்டும். அது 1851லிருந்துதான் உண்டு. 1841இல் ‘இதே கவுண்டியில் பிறந்தவரா’ என்ற ஆம், இல்லைதான். போதாதென்று அதில் 15 வயதுக்கு மேற்பட்டோரின் வயதை ஐந்தின் மடங்குக்குக் குறைத்து எழுதச் சொல்லியிருந்தார்கள். 34 வயதுக்காரர் 30 ஆகிவிடுவார்.

பதிவு 4: பொருள்

இணையத்தில் திரும்பத் திரும்பச் சுற்றும் கதை: ஜெர்மன் மொழியில் ஓக்கு மரத்தைக் குறிக்கும் ‘இக்கன்பாம்’ என்ற சொல்லே இப்படித் திரிந்தது, முன்னோர் ஜெர்மனியிலிருந்து வந்தவர்கள் என்பது. தள்ளிவிடலாம். ஜெர்மனில் ஓக்கு மரம் ‘ஐஷன்பாம்’. அதைவிட, பெயர் அடர்ந்திருக்கும் மூலைக்குப் பக்கத்திலேயே போல்ட்டனில் ஓக்கன்பாட்டம் என்ற இடம் இருக்கிறது. இன்றும் அங்கே அந்தப் பெயரில் சாலை உண்டு. இடைக்கால லங்காஷயர் ஆவணங்களில் அந்த ஊரும் ஊரார் பெயரும் ‘அக்கின்பாதம்’ போன்ற வடிவில் வருகின்றன.

பழைய ஆங்கிலத்தில் ‘ஆக்கன்’ என்றால் ஓக்கு மரத்தாலான, ஓக்கு நிறைந்த. ‘பொட்ம்’ அல்லது ‘பொத்ம்’ என்றால் ஓடை ஓடும் பள்ளத்தாக்கின் தட்டையான அடி. ஆக, ஓக்கு மரப் பள்ளம். அந்த வட்டாரப் பேச்சில் ‘ஹிக்கன்’, ‘ஹிகின்’ என்று ரோவன் என்ற குளிர்நாட்டுச் சிறு மரத்துக்குப் பெயர் உண்டு. ஓக்கின் பழைய வடிவம் விளங்காமல் போனதும், காதுக்குப் பழகிய ரோவன் அந்த இடத்தில் ஏறிக்கொண்டது என்பது பெயரியலாளர் விளக்கம். எச் உதிர்க்கும் ஊரில், உதிர்ந்ததாக நினைத்து எழுத்தர்கள் எச் சேர்ப்பதும் நடக்கும் என்பதால் இது பொருந்துகிறது. ஹிக்கின்ஸ் என்ற பெயருக்கும் இதற்கும் உறவில்லை. அது ரிச்சர்டின் செல்லப் பெயரான ஹிக்கிலிருந்து வந்தது.

‘பாட்டம்’ கேலிக்கு இடமாகும் என்று வெட்கப்பட்டு மரியாதைக்காக ‘பாதம்’ என்று மாற்றினார்கள் என்பார்கள். பாதி உண்மை. பிட்டம் என்ற பொருள் அந்தச் சொல்லுக்கு ஏறியது 18ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான். ‘த’ ஒலியோ இடைக்கால வடிவிலேயே இருக்கிறது. வெட்கத்தால் சிலர் ‘பாதம்’ வடிவத்தைத் தேர்ந்தெடுத்திருக்கலாம், ஆனால் அது புதிதாகச் செய்ததல்ல. கிரிக்கெட் பார்ப்பவர்களுக்கு இது எளிதாகப் புரியும்: இயன் போத்தமின் பெயரும் இதே பள்ளம்தான், முன்னால் மரம் இல்லை. ரயன் சைட்பாட்டம் பெயரில், பழைய ஆங்கிலத்தில் ‘சீட்’ என்றால் அகன்ற, ஆக அகன்ற பள்ளம்.

இந்தப் பெயருக்கான குலச்சின்னம் என்று அச்சிட்டு விற்பதை வாங்க வேண்டாம். இங்கிலாந்தில் சின்னம் தனி ஆளுக்கும் அவர் வழி வாரிசுகளுக்கும் வழங்கப்படுவது, பெயருக்கு அல்ல.

பதிவு 5: பின்னோக்கி, பிறகு கடல் தாண்டி

1837க்கு முன்னே போக 1538இல் தொடங்கிய பாரிஷ் பதிவேடுகள். லங்காஷயருக்குத் தன்னார்வலர்களின் ஆன்லைன் பாரிஷ் கிளார்க் தளம் இலவசம். 1751 வரை ஆண்டு மார்ச் 25இல் பிறந்தது என்பதை மறந்தால் மகன் தந்தையின் திருமணத்துக்கு முன் பிறப்பான். ஜனவரி முதல் மார்ச் 24 வரையான நாள்களை 1698/9 என்று இரட்டை ஆண்டாகவே எழுதி வைக்கவும்.

சென்னைக் கிளைக்கு இங்கிலாந்து அட்டவணை உதவாது. பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ள இந்தியா அலுவலக ஆவணங்களில் என்-2 என்ற வரிசைதான் மதராஸ் மாகாண ஞானஸ்நானம், திருமணம், அடக்கம். என்-1 வங்காளம், என்-3 பம்பாய். பிரிட்டிஷ் இந்தியக் குடும்ப வரலாற்றுச் சங்கத்தின் தளத்திலும் தேடலாம்.

ஒற்றை ஜி வடிவத்தைத் தனியே பிடித்தால் சுவையான ஆட்கள் அகப்படுகிறார்கள். டப்ளினில் பிறந்து ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவுக்குத் தலைமை நீதிபதியான ஜார்ஜ் ஹிகின்பாதம். 1958இல் அலைக்காட்டித் திரையில் ‘டென்னிஸ் ஃபார் டூ’ விளையாட்டை உருவாக்கிய இயற்பியலாளர் வில்லியம் ஹிகின்பாதம். இரட்டை ஜி போட்டுத் தேடினால் இருவரும் வர மாட்டார்கள். அமெரிக்காவில் ஒரு கூடுதல் எச்சரிக்கை. கூட்டாட்சி நீதிபதி ஏ. லியோன் ஹிக்கின்பாதம் ஆப்பிரிக்க அமெரிக்கர். அடிமை முறையின் காலத்தில் பெயர் ரத்த வழியில்தான் போனது என்று கொள்ள முடியாது. அங்குள்ள எண்ணிக்கையை லங்காஷயர் வம்ச மரத்தில் ஒட்டவைப்பது தவறு.

பதிவு 6: ஏன் சில வடிவங்கள் மட்டும் தப்பின

1874இல் கால்ட்டன், வாட்சன் என்ற இரு ஆங்கிலேய அறிஞர்கள் குடும்பப் பெயர்கள் அழிவதற்குப் போட்ட கணக்கை விரிதாளில் செய்து பார்க்கலாம். ஓர் ஆணுக்குச் சராசரி ஒரு மகன், யாருக்கு எத்தனை என்பது தற்செயல் (பாய்சான் பரவல்) என்று வைத்துக்கொண்டு, முதல் கட்டத்தில் 0. அடுத்த ஒவ்வொரு கட்டத்திலும் முந்தைய எண்ணிலிருந்து 1ஐக் கழித்து ஈ-யின் (சுமார் 2.718) அடுக்காக்க வேண்டும். வந்தது: 0.368, 0.531, 0.626, 0.688, 0.732. பத்தாம் தலைமுறையில் 0.842. ஒரே ஆளில் தொடங்கிய பெயர் பத்துத் தலைமுறைக்குள் மறைய நூற்றுக்கு 84 வாய்ப்பு, யாரும் எந்தத் தவறும் செய்யாமலே. சராசரியை 1.2 ஆக்கினால் எத்தனை தலைமுறை ஓட்டினாலும் 0.686ஐத் தாண்டவில்லை. ஆலைகள் வந்து மக்கள்தொகை பெருகிய லங்காஷயரில் பள்ளப் பெயர்கள் இவ்வளவு மிஞ்சியதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம்.

எல்லா எழுத்துக்கூட்டலும் ஒரே மூதாதையிடம் போகின்றனவா என்பதை ஆவணம் முடிக்காது, பெயரைப் போலவே தந்தையிடமிருந்து மகனுக்குப் போகும் ஒய் குரோமோசோமின் சோதனைதான் சொல்லும். 2000இல் சைக்ஸ் என்ற பெயருடைய 48 ஆண்களைச் சோதித்தபோது 21 பேருக்கு ஒரே வகை இருந்தது. சோதனைக்கு ஆள் தேர்ந்தெடுக்கும்போது ஓர் எழுத்துக்கூட்டலுக்கு இருவராவது, அதுவும் குறைந்தது நான்கு தலைமுறைக்கு முன்பே பிரிந்த கிளைகளிலிருந்து வேண்டும். அண்ணன் தம்பி இருவரைச் சோதித்தால் ஒருவருக்கான காசு வீண்.