மினி டிராக்டர் வயரிங்: பட்டறைக் குறிப்புகள்

ஜூன் 12

மூன்று சிலிண்டர், 22 எச்.பி. வண்டி. சாவியைத் திருப்பினால் செல்ஃப் (எஞ்சினைச் சுற்றிவிடும் ஸ்டார்ட்டர் மோட்டார்) முக்கி முக்கி அரைச் சுற்று சுற்றி நின்றுவிடுகிறது. 'பேட்டரி அவுட்' என்று சொல்லித்தான் கொண்டுவந்து விட்டார்கள்.

மீட்டரில் 12.6 வோல்ட். இதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. லோடு இல்லாத பேட்டரி எப்போதும் நல்ல பிள்ளை. கியரை நியூட்ரலில் போட்டு, எஞ்சின் ஓடிவிடாதபடி ஸ்டாப் குமிழை இழுத்துப் பிடித்துக்கொண்டு செல்ஃப் அடிக்கும்போது பார்த்தால் 11.9. பேட்டரி நொண்டி என்றால் 9.6-க்குக் கீழே விழுந்திருக்கும். ஆக, இங்கே கொடுப்பது சரி, போய்ச் சேருவதில்தான் கோளாறு.

பேட்டரி பிளஸுக்கும் செல்ஃபின் பெரிய போல்ட்டுக்கும் நடுவே மீட்டரை வைத்து, செல்ஃப் அடிக்கும்போது 0.3 வோல்ட். வழியில் தொலையும் வோல்ட் இது. அரை வோல்ட் வரை விட்டுவிடலாம். பேட்டரி மைனஸுக்கும் செல்ஃப் உடம்புக்கும் நடுவே 2.9! எர்த் பட்டை (பேட்டரி மைனஸை வண்டி உடம்போடு இணைப்பது) கியர்பாக்ஸில் ஏறும் போல்ட்டைக் கழற்றினால், லக்குக்கு (பட்டை முனையின் உலோக வளையம்) அடியில் பெயிண்ட், அதன்மேல் சேற்றுழவில் தெறித்துக் காய்ந்த மண், செம்புக் கம்பிகளில் பச்சை பூத்துக் கிடக்கிறது.

எமரி பேப்பரால் இரும்பு பளிச்சென்று தெரியும்வரை தேய்த்து, புது லக் கிரிம்ப் செய்து, ஸ்பிரிங் வாஷரோடு இறுக்கி, அதன் பிறகு மேலே மட்டும் கிரீஸ். இப்போது எர்த் பக்கம் 0.1. பேட்டரி செல்ஃப் அடிக்கையில் 10.7 காட்டுகிறது. முன்பைவிடக் குறைந்துவிட்டதே என்று பயப்பட வேண்டாம். செல்ஃப் இப்போதுதான் வேண்டிய கரண்டை முழுசாக இழுக்கிறது.

எர்த் கெட்ட வண்டியில் ஆக்சிலேட்டர் கேபிளையும் தொட்டுப் பார்க்க வேண்டும். பட்டை வழியாகத் திரும்ப முடியாத கரண்ட் அந்த மெல்லிய கம்பி வழியாகத் திரும்பும். உறை உருகி கேபிள் சிக்கிக்கொள்ளும்.

ஜூன் 14

சாவியைத் திருப்பினால் சத்தமே இல்லை. சொலினாய்டில் (செல்ஃபுக்குக் கரண்டை இணைக்கும் காந்த ஸ்விட்ச்) வரும் சின்ன ஒயரைக் கழற்றி டெஸ்ட் லேம்ப் வைத்தால், ஸ்டார்ட்டில் எரியவில்லை. அப்படியென்றால் செல்ஃபை இறக்கத் தேவையில்லை, சாவியிலிருந்து பின்னோக்கித் தேட வேண்டும். ஃபியூஸ் சரி, பி.டி.ஓ. (கருவிகளைச் சுழற்றும் தண்டு) ஸ்விட்ச் சரி. கிளட்ச் மிதித்தால்தான் ஸ்டார்ட் ஆக விடும் கிளட்ச் ஸ்விட்ச்தான்: பெடலை முழுசாக மிதித்தும் பிளஞ்சர் அமுங்கவில்லை. லாக் நட்டைத் தளர்த்தி இரண்டு மரை முன்னே கொண்டுவந்ததும் வேலை முடிந்தது.

இந்த ஸ்விட்சை விட்டுவிட்டு, அதன் ஒயர்களைச் சேர்த்து முறுக்கிவிடும் பழக்கம் உண்டு. ஸ்க்ரூ டிரைவரால் சொலினாய்டை ஷார்ட் செய்து ஸ்டார்ட் செய்கிறவர்களும் உண்டு. கியரில் இருந்தால் வண்டி ஆள் மேலேயே ஏறும்.

ஜூன் 17

எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதும் பேட்டரியில் 12.4 வோல்ட், ஆக்சிலேட்டரை ஏற்றினாலும் அசையவில்லை. சார்ஜ் ஆகிற வண்டியில் 13.8 முதல் 14.5 வரை வர வேண்டும். சாவியை ஆன் செய்தால் சார்ஜ் லைட் எரிகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். எரியவில்லை, பல்பு போயிருக்கிறது. பல வண்டிகளில் அந்தப் பல்பு வழியாகத்தான் பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டருக்கு முதல் கரண்ட் போகிறது. 12 வோல்ட் இழைப் பல்பு போட்டதும் 14.2. அந்த இடத்தில் எல்.இ.டி. போட்டால் கரண்ட் போதாமல் பழைய கதைதான்.

காந்தம் வைத்த சின்ன டைனமோ உள்ள வண்டிக்கு இது பொருந்தாது. அதன் இரண்டு ஒயரையும் கழற்றி ஏ.சி. வோல்ட் பார்க்க வேண்டும். வேகத்தோடு வோல்ட்டும் ஏறினால் டைனமோ பிழைத்தது, அடுத்த சந்தேகம் வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர்.

ஓடும்போது பேட்டரி ஒயரைப் பிடுங்கி 'டைனமோ பார்ப்பது' கூடாது. ஒரு நொடி வோல்ட் எகிறினால் உள்ளே இருக்கும் டயோடு போய்விடும்.

ஜூன் 20

லைட் ஃபியூஸ் போடப்போட எரிகிறது. பெரிய ஃபியூஸ் போட்டால் ஒயர்தான் ஃபியூஸாகும். ஃபியூஸ் இடத்தில் 12 வோல்ட் 21 வாட் இண்டிகேட்டர் பல்பு ஒன்றைக் கட்டி, சாவி ஆன், லைட் ஸ்விட்ச் ஆன். ஷார்ட் இருக்கும்வரை பல்பு முழு வெளிச்சத்தில் எரியும், இரண்டு ஆம்பியருக்கு மேல் போகாது. ஹெட்லைட், பின் லைட், டிரெய்லர் பிளக் என்று ஒவ்வொன்றாகக் கழற்ற, ஹெட்லைட் கனெக்டரைப் பிடுங்கியபோதும் பல்பின் வெளிச்சம் குறையவில்லை. பானெட் கீல் பக்கத்து ஒயர்க் கட்டை அசைத்ததும் பல்பு மங்கிவிட்டது. டேப்பைப் பிரித்தால் ஒரு ஒயரின் தோல் எலி கடித்துப் போயிருக்கிறது, செம்பு தகரத்தை உரசிக் கருகியிருக்கிறது.

ஒட்டுப் போட்டு, ஹீட் ஷ்ரிங்க் ஏற்றி, கீலுக்கு இரண்டு விரல் தள்ளி கிளாம்ப் அடித்தாயிற்று. பழையபடி 15 ஆம்பியர் ஃபியூஸ்.