பழைய வண்டி எவ்வளவு இழுக்கும்?

பழைய பிக்கப்போ வேனோ வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது, "இது எத்தனை டன் இழுக்கும்?" என்றுதான். கேட்டலாக்கில் ஓர் எண் இருக்கும். அதை மட்டும் நம்பி டிரெய்லர் வாங்கிவிடாதீர்கள்.

அமெரிக்காவில் ரொம்ப காலம் ஒவ்வொரு கம்பெனியும் தானே பரீட்சை வைத்து, தானே மார்க்கும் போட்டுக்கொண்டிருந்தது. ஜே2807 என்ற பொது விதி 2008-ல் வந்தது. டொயோட்டா 2011 மாடல்களுக்கு அதை முதலில் ஏற்றுக்கொண்டபோது அதன் டண்ட்ரா பிக்கப்பின் எண் கீழே இறங்கியது. அரிசோனாவில் டேவிஸ் டேம் ஏற்றத்தில், ஏசியை முழுசாகப் போட்டுக்கொண்டு, வேகம் ஓர் அளவுக்குக் கீழே விழாமல் ஏறிக் காட்ட வேண்டும் என்பது அந்தச் சோதனையில் ஒரு பகுதி. ஆக, அதற்கு முந்தைய மாடல்களின் எண்ணைப் புது வண்டியின் எண்ணோடு ஒப்பிடவே முடியாது. இன்னொன்று, டிரெய்லரில் தனி பிரேக் இருக்கிறதா என்று பாருங்கள்: லேண்ட் குரூசர் 200-க்கு ஆஸ்திரேலியாவில் 3,500 கிலோ என்பார்கள், பிரேக் இல்லாத டிரெய்லர் என்றால் அதே வண்டிக்கு 750 கிலோதான்.

சரி, நம்ம சிங்கப்பூருக்கு வருவோம். கேட்டரிங் வைத்திருக்கும் தம்பி ஒருத்தர், யீஷூன் கோயில் விசேஷத்துக்கு அண்டா, அடுப்பு எல்லாம் கொண்டுபோக வேனுக்குப் பின்னால் டிரெய்லர் கட்டலாமா என்று கேட்டார். "அண்ணே, வண்டி நல்லாத்தான் ஓடுது, இப்பதான் சிஓஇ புதுப்பிச்சேன்" என்றார். சிஓஇ என்பது வண்டியை வைத்திருக்கும் உரிமம்தானே, அதைப் புதுப்பித்தால் கியர்பாக்ஸ் புதுசாகிவிடுமா தம்பி?

அவர் வேனின் பக்கவாட்டிலேயே பாதி பதில் எழுதியிருக்கிறது. எம்எல்டபிள்யூ (பாரத்தோடு இருக்கக்கூடிய அதிகபட்ச எடை) 2,800, யூஎல்டபிள்யூ (வெறும் வண்டியின் எடை) 1,850 என்று வைத்துக்கொண்டால் ஏற்றக்கூடியது 950 கிலோ. மூன்று ஆள், பாத்திரம், கேஸ், அரிசி எல்லாம் சேர்த்து 850 வந்துவிட்டது என்றால் மீதி நூறு. ஆயிரம் கிலோ டிரெய்லரின் மூக்கு கொக்கியில் அழுத்தும் எடையே சுமார் நூறு, அதையும் வேன்தான் சுமக்கிறது. அங்கேயே கணக்கு முடிந்துவிட்டது, இஞ்சினைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை.

இங்கே மலை இல்லையே, என்ன பயம் என்பார்கள். மலையைவிட மாலை நேர பிஐஇ விரைவுச்சாலை நெரிசல் மோசம். ஆட்டோ கியர் வண்டி பாரத்தோடு ஊர்ந்து ஊர்ந்து போகும்போது இஞ்சின் சக்தியைக் கியருக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர் வழுக்கிக்கொண்டே இருக்கும், கியர் ஆயில் கொதிக்கும், எதிர்க்காற்றும் இருக்காது. மேனுவல் என்றால் அரை கிளட்சிலேயே பிளேட் தேய்ந்து கருகிய வாடை வரும். பத்து வருஷம் தாண்டிய வேனுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை இன்ஸ்பெக்ஷன் உண்டுதான், ஆனால் பிரேக்கும் புகையும் பார்ப்பவர்கள் டிரெய்லர் கட்டி ஜாமில் ஓட்டிப் பார்க்கப்போவதில்லை.

அப்படியும் இழுத்தே ஆக வேண்டும் என்றால், கியர் ஆயிலைத் தொட்டுப் பாருங்கள். கறுத்து, தீய்ந்த வாடை அடித்தால் பேச்சே வேண்டாம். அப்புறம் வண்டிக்கு அடியில் குனிந்து, கொக்கி மாட்டும் இடத்தில் பெயின்டுக்குக் கீழே துரு உப்பியிருக்கிறதா என்று ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள்.

தம்பியிடம், டிரெய்லரை விட்டுவிட்டு அந்த ஒரு நாளைக்கு 14 அடி லாரி வாடகைக்கு எடுக்கச் சொன்னேன். கிளட்ச் மாற்றும் செலவைவிடக் குறைவாகத்தான் வரும்.