அசையுது என்று மட்டும் சொல்

போன மாசம் எங்கள் ஸ்கேன் அறைக்கு போஸ்டிங் வந்த பிள்ளைகளில் ஒருத்தி மூன்றாவது நாளே கேட்டுவிட்டாள், "அக்கா, ப்ரோபை எப்பக்கா கையில தருவீங்க?"

ஸ்கேன் எடுக்க உடம்பில் வைத்து நகர்த்துகிற கருவிதான் ப்ரோப். சிரிப்பு வந்தது, ஏனென்றால் நானும் அதே கேள்வியோடு வந்தவள்தான். பாலக்கோடு பக்கத்தில் ஒரு கிராமம், பிளஸ் டூவில் எம்பிபிஎஸ் கனவு போய், இமேஜிங் டெக்னாலஜி சேர்ந்தபோது எங்கம்மா ஊர் முழுக்க "எம்பொண்ணு ஸ்கேன் எடுக்கிற படிப்பு படிக்குது" என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். அட்மிஷன் போடும்போது யாரும் அதைத் திருத்தவில்லை. நம்ம ஊரில் அல்ட்ராசவுண்ட் ஸ்கேனை டாக்டர்தான் செய்வார், எக்ஸ்ரே, சிடி, எம்ஆர்ஐ மாதிரி டெக்னீஷியன் கையில் விடுகிற மெஷின் இல்லை அது. கர்ப்பிணிக்கு என்றால் சட்டமே அப்படித்தான். இந்தக் காலத்துப் பிள்ளைகள் யூடியூபில் அமெரிக்க டெக்னீஷியன்கள் ப்ரோபைப் பிடித்து வளைத்து வளைத்துப் படம் எடுப்பதைப் பார்த்துவிட்டு வருகிறார்கள். அங்கே அவர்கள் எடுத்துக் கொடுக்க, ரேடியாலஜிஸ்ட் பார்த்து ரிப்போர்ட் எழுதுவார். இங்கே வேறு. இதை முதல் வருஷம் முதல் வகுப்பிலேயே சொல்லிவிட்டால் பாதிப் பிள்ளைகளுக்கு ஏமாற்றம் இருக்காது.

சரி, அப்ப இந்த அறையில் நமக்கு என்ன வேலை? பேச்சுதான். காலேஜில் உடம்புத் திசுவில் ஒலி நொடிக்கு 1540 மீட்டர் போகும் என்று மனப்பாடம் செய்தோம், காற்று நடுவில் இருந்தால் ஒலி உள்ளே போகாது, அதனால்தான் ஜெல் என்று படித்தோம். தேவைதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் ஊத்தங்கரைப் பக்கமிருந்து முதல் பஸ் பிடித்து வரும் பாட்டியிடம் "வெறும் வயிறாம்மா?" என்று கேட்டால் "ஆமாங்கண்ணு, ஒண்ணுமே சாப்பிடல" என்றுதான் பதில் வரும். படுக்க வைத்து டாக்டர் பார்த்தால் பித்தப்பை சுருங்கிக் கிடக்கும். டீ குடித்திருப்பார்! பால் போட்ட டீ உள்ளே போனால் பித்தப்பை பித்தநீரை வெளியே தள்ளிச் சுருங்கிவிடும், உள்ளே கல் இருக்கிறதா என்று சரியாகப் பார்க்க முடியாது. பாட்டி பொய் சொல்லவில்லை, டீயை யார் சாப்பாடு என்று சொல்வார்கள்? அதனால் "பஸ் ஸ்டாண்டுல டீ குடிச்சீங்களா?" என்று தனியாகக் கேட்க வேண்டும். ஆறு மாசம் ஆனது எனக்கு இந்த ஒரு கேள்வி பிடிபட. அதுவரை எத்தனை பேரை மறுநாள் வரச் சொல்லி அனுப்பினேனோ.

இதில் பிஸிசியன் அசிஸ்டென்ட் படிக்கிற பிள்ளைகளும் எங்களிடம் வருவார்கள். மூன்று வருஷப் படிப்பு, ஒரு வருஷம் இன்டர்ன்ஷிப், நோயாளியின் விவரம் கேட்டு எழுதுவது (ஹிஸ்டரி என்போம்), ரவுண்ட்ஸில் கூடப் போவது, டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாம் அவர்கள் வேலை. அமெரிக்காவில் 1965ல் தொடங்கிய படிப்பு, நம்ம நாட்டுக்கு 1992ல் சென்னை வழியாக வந்தது. முப்பது வருஷம் தாண்டியும் கிருஷ்ணகிரியில் "பி.ஏ." என்றால் "யாருக்கு பி.ஏ., எம்எல்ஏவுக்கா?" என்றுதான் கேட்கிறார்கள். வலி எங்கே, எப்போது தொடங்கியது, எங்கே பரவுகிறது என்று இங்கிலீஷில் வரிசையாகப் படித்துவிட்டு வருவார்கள். நோயாளி "சுருக்குன்னு இழுத்து, கடுகடுன்னு நின்னுடுதுங்க" என்றால் பேனா நின்றுவிடும். தேன்கனிக்கோட்டைப் பக்கத்து ஆள் என்றால் இதையே தெலுங்கிலோ கன்னடத்திலோ சொல்வார். போன பேட்சில் ஒரு ஓசூர்ப் பையன், மார்க் சுமார்தான், ஆனால் மூன்று பாஷையும் வாயில் இருந்ததால் அவன் எழுதிய ஹிஸ்டரியைத்தான் டாக்டர் முதலில் கேட்டு வாங்குவார்.

அப்புறம் ஃபார்ம் எஃப். கர்ப்பிணிக்கு ஸ்கேன் செய்தால் ஒவ்வொருவருக்கும் இதை நிரப்ப வேண்டும், 1994ல் கொண்டுவந்த சட்டம், குழந்தை ஆணா பெண்ணா என்று கண்டுபிடித்துச் சொல்வதைத் தடுக்க. ஒரு விவரம் விட்டுப்போனாலும் சட்டத்தை மீறியதாகவே எடுத்துக்கொள்வார்கள், மீறவில்லை என்று நிரூபிக்க வேண்டியது ஸ்கேன் செய்த டாக்டர். காலேஜில் இது அரைமணி நேர வகுப்பு. இந்த மாவட்டத்தில் அது போதுமா? வேண்டாம் என்று நினைக்கிற பெண் குழந்தையை அரசிடம் விட்டுப்போக வைத்த தொட்டில் குழந்தைத் திட்டத்தை 1992ல் சேலத்தில் தொடங்கி 2001ல் தர்மபுரிக்கும் கொண்டுவந்தார்கள், அப்போது கிருஷ்ணகிரியும் தர்மபுரி மாவட்டம்தான். எதனால் அந்தத் தொட்டிலை வைத்தார்கள் என்று எங்கள் பாட்டிகளுக்குத் தெரியும், எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

அந்த ஃபார்மில் உயிரோடு இருக்கும் மகன் எத்தனை, மகள் எத்தனை, வயது என்ன என்று ஒரு இடம் வரும். "மூணும் பொண்ணுங்க" என்று சொல்லும்போது குரல் இறங்கும். பக்கத்தில் மாமியார் நின்றால் இன்னும் இறங்கும். நேராக யாரும் கேட்க மாட்டார்கள், சுவரில்தான் போர்டு இருக்கிறதே. "தொட்டில் கட்ட புடவை எடுக்கலாமா, வேட்டி எடுக்கலாமா கண்ணு?" என்று ஒரு அம்மா என்னைக் கேட்டிருக்கிறார்.

நான் மாணவியாக இருந்தபோது நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். மூன்றாம் வருஷ போஸ்டிங், வேறொரு ஆஸ்பத்திரி. 12 வார ஸ்கேன், திரையில் குழந்தை துள்ளியது, நான் ஆசையில் "பாருங்கக்கா, எப்படி உதைக்கிறான்!" என்றுவிட்டேன். எனக்கு ஒன்றும் தெரியாது, அந்த வாரத்தில் அதைப் பார்த்து உறுதியாகச் சொல்லவும் முடியாது, வாயில் வந்த "ஆன்" அது. அந்த அக்கா படுத்தபடியே என் கையைப் பிடித்துக்கொண்டார். விடவில்லை. டாக்டர் ப்ரோபை எடுத்துவிட்டு, அவரிடமும் வெளியே நின்ற வீட்டாரிடமும் இந்தப் பொண்ணுக்கு எதுவும் தெரியாது, சும்மா பேச்சுக்குச் சொன்னாள் என்று மூன்று தடவை சொன்னார். அவர்கள் நம்பினார்களா தெரியாது. அன்று மாலை டாக்டர் என்னைக் கத்தவில்லை, சட்டத்தின் ஐந்தாம் பிரிவைப் படிக்கச் சொன்னார். வார்த்தையாலோ சைகையாலோ வேறு எந்த விதத்திலோ தெரிவிக்கக் கூடாது என்று இருந்தது. மீறினால் மூன்று வருஷம் வரை ஜெயில், பத்தாயிரம் வரை அபராதம். ஜெயிலை விட அந்தக் கைதான் எனக்கு ரொம்ப நாள் உறுத்தியது. அவருக்கு எந்தக் குழந்தை பிறந்தது என்று விசாரிக்க இன்றுவரை தைரியம் வரவில்லை.

தமிழில் வினைச்சொல் முடியும் இடத்திலேயே ஆணா பெண்ணா என்று வந்துவிடுகிறது, இது எந்த சிலபஸிலும் இல்லை. அதனால் என்னிடம் வரும் பிள்ளைகளுக்கு முதல் நாளே சொல்கிறேன், அவனும் வேண்டாம் அவளும் வேண்டாம், "குழந்தை அசையுது", அவ்வளவுதான்.

ப்ரோப் கேட்டவளிடம் ஃபார்மையும் பேனாவையும் கொடுத்து உட்கார வைத்தேன். முகம் சுண்டிப்போனது. நேற்று ஒரு கர்ப்பிணியிடம் மகன் மகள் கணக்குக் கேட்பதற்கு முன்னால், அவளாகவே எழுந்துபோய், "பாட்டி, நீங்க செத்த வெளிய உக்காருங்க, டாக்டர் கூப்பிடுவாங்க" என்று மாமியாரை அனுப்பிவிட்டு வந்து கதவைச் சாத்தினாள். அதை நான் அவளுக்குச் சொல்லித் தரவில்லை.